பழைய புல்லட்டின் முன் பிரேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூரில் தயாரான வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டை வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பதில் பாதிக்கு மேல் முன் பிரேக்கைப் பற்றித்தான். ஒரே சந்தேகம் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்துகொண்டே இருப்பதால் பதில்களை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. இங்கே பேசுவது 6 அங்குல முன் டிரம் கொண்ட 350 சிசி வண்டியைப் பற்றி. டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் உருளை. கேபிள் இழுக்கும் கேம் லீவர், உள்ளே உள்ள கேம் என்ற புடைப்பைத் திருப்பும். அது, லைனிங் என்ற உராய்வுப் பட்டை ஒட்டிய இரண்டு பிறை வடிவ ஷூக்களை விரித்து டிரம்மின் உட்சுவரில் அழுத்தும். வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கும் டிரம்மின் அடிப்படை ஒன்றுதான். பாகங்கள் மட்டும் மாறும்.

"அண்ணா, அப்பா ஓட்டிய புல்லட் இது. முன் பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது. பழைய வண்டி என்றால் இப்படித்தானா?"

இப்படி இருக்கக் கூடாது. சரியாக அமைந்த 6 அங்குல டிரம், ஊருக்குள் 40, 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியை நம்பிக்கையோடு நிறுத்தும். உங்கள் வண்டி நிற்கவில்லை என்றால் பிரேக்கின் வடிவமைப்பு மட்டும் காரணமல்ல. தேய்ந்த கேபிள், கண்ணாடிபோல் பளபளத்துப்போன லைனிங், நீள்வட்டமாகிவிட்ட டிரம், தவறான கோணத்தில் நிற்கும் கேம் லீவர் என்று பல ஆண்டுக் கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருக்கும்.

அதே சமயம் அந்த பிரேக்குக்கு ஓர் எல்லை உண்டு. 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, இங்கிலாந்து புல்லட்டை அப்படியே இங்கே தயாரித்தது. அந்தக் காலச் சாலைக்கும் வேகத்துக்கும் போதுமானதாக இருந்த பிரேக், இன்றைய நான்குவழிச் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் திணறுவது இயல்பு. வேகம் 60இலிருந்து 80 ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. ஆகவே முதலில் இருப்பதைச் சரிசெய்யுங்கள். போதவில்லை என்றால் பெரிதாக்குங்கள். இந்த வரிசையை மாற்றியவர்கள்தான் பணத்தைச் செலவழித்துவிட்டு மீண்டும் கேள்வியோடு வருகிறார்கள்.

"பின் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, அதுவே போதாதா? முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுந்துவிடுவோம் என்று எங்கள் மாமா சொல்கிறார்."

மாமாவிடம் மரியாதையோடு மறுத்துச் சொல்லுங்கள். பிரேக் பிடித்த கணமே வண்டியின் பாரமும் ஓட்டுபவரின் பாரமும் முன்சக்கரத்தின் மேல் சாய்கின்றன. பாரம் குறைந்த பின்சக்கரம் எளிதில் பூட்டிக்கொண்டு வழுக்கும். பாரம் கூடிய முன்சக்கரமோ தார்ச்சாலையை இறுகப் பற்றும். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்தால்தான் ஆகும். மணலிலும் சேற்றிலும் வளைவின் நடுவிலும் மட்டுமே முன் பிரேக்கை மிக மென்மையாகக் கையாள வேண்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 60 கி.மீ. வேகத்தில் வரும் ஒரு வண்டி, புவியீர்ப்பு முடுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மட்டும் பிரேக் பிடித்தால், நிற்பதற்கு ஏறத்தாழ 42 மீட்டர் ஓடும். அதே வேகத்தில் வரும் இன்னொரு வண்டி 0.6 பங்கு அளவுக்குப் பிடித்தால் 24 மீட்டருக்குள் நின்றுவிடும். இந்த வண்டி நின்ற இடத்தை முதல் வண்டி கடக்கும்போது அதன் வேகம் இன்னும் 40 கி.மீ. அந்த 40 கி.மீ. வேகத்தில் எதிரே இருப்பது ஆட்டோவா, மாடா, பள்ளிப் பிள்ளையா என்பது நம் கையில் இல்லை.

"சிங்கிள் லீடிங், ட்வின் லீடிங் என்கிறார்கள். டிரம்மைக் கழற்றிப் பார்த்தால் இரண்டிலும் இரண்டு ஷூதானே இருக்கிறது?"

ஷூ இரண்டுதான், அவை விரியும் விதம் வேறு. சக்கரம் சுழலும் திசையில் முனை விரிகிற ஷூவை டிரம்மின் சுழற்சியே உள்ளே இழுத்துக்கொள்ளும். கை கொடுத்த விசையைவிட அதிகமாக அது டிரம்மை அழுத்தும். இதுதான் லீடிங் ஷூ. எதிர்த்திசையில் விரிகிற ஷூவை டிரம் வெளியே தள்ளப் பார்க்கும். அது டிரெய்லிங் ஷூ.

6 அங்குல பிரேக்கில் ஒரே கேம் இரண்டு ஷூக்களையும் விரிக்கிறது. அதனால் ஒன்று லீடிங், ஒன்று டிரெய்லிங். ட்வின் லீடிங்கில் ஒவ்வொரு ஷூவுக்கும் தனித்தனி கேம். வெளியே இரண்டு லீவர்களையும் ஓர் இணைப்புத் தண்டு சேர்த்துப் பிடித்திருக்கும். இரண்டு ஷூக்களும் சுழற்சியின் உதவியைப் பெறுவதால் அதே கைவிசைக்குக் கூடுதல் பிடிப்பு கிடைக்கிறது.

"சார், உடனே பெரிய செலவு செய்ய முடியாது. எதிலிருந்து தொடங்குவது?"

கேபிளிலிருந்து. வண்டியை நிறுத்தி, ஒருவரை பிரேக் லீவரை இறுக்கப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஹேண்டில்பாரிலிருந்து சக்கரம்வரை கேபிளின் வெளிக்குழாயைக் கவனியுங்கள். வளைவுகளில் அது நிமிர்வதும் நெளிவதும் தெரிந்தால் உங்கள் கைவிசை அங்கேயே தீர்ந்துபோகிறது. வெளிச்சுருள் கெட்டியாகவும் உள்கம்பி தடிமனாகவும் உள்ள கேபிளை வாங்கிக் கூர்மையான வளைவில்லாமல் ஓட்டுங்கள். மாட்டும் முன் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அடிமுனையில் எண்ணெய் சொட்டும்வரை மேலிருந்து மெல்லிய எண்ணெய் விடுங்கள். கெட்டி கிரீஸ் வேண்டாம். தூசியோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

அடுத்து டிரம்முக்கு வெளியே உள்ள கேம் லீவர். பிரேக் முழுதாகப் பிடிக்கும் நிலையில் கேபிளுக்கும் அந்த லீவருக்கும் இடையே 90 பாகை இருக்க வேண்டும். லைனிங் தேயத் தேய லீவர் அந்தக் கோணத்தைத் தாண்டிப் போய், இழுப்பின் பயன் குறைந்துகொண்டே வரும். ஷூவை மாற்றாமல் லீவரை மட்டும் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிக் கொடுக்கும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. கேமுக்கும் ஷூவுக்கும் நடுவே தகரத்துண்டு வைப்பதும் உண்டு. இரண்டையும் அனுமதிக்காதீர்கள். அளவுக்கு மீறித் திரும்பிய கேம், திரும்பி வராமல் சிக்கிக்கொண்டால் ஓடும் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

கை லீவரையும் அளந்து பாருங்கள். அது சுழலும் ஆணிக்கும் கேபிள் முனை மாட்டும் துளைக்கும் இடையிலான தூரம் குறைந்தால் விசை கூடும். கூடவே லீவர் அதிக தூரம் நகர வேண்டியிருக்கும். கிளட்ச்சுக்கான லீவரை பிரேக்குக்கும் மாட்டியிருந்தால் இந்த அளவு மாறியிருக்கலாம்.

"புத்தம் புதிய ஷூ போட்டேன். முன்பைவிட மோசமாகிவிட்டது. போலிப் பொருளை விற்றுவிட்டார்களா?"

இருக்கலாம், ஆனால் நல்ல ஷூவிலும் இது நடக்கும். பழைய டிரம் தேய்ந்து சற்றே விரிந்திருக்கும். புதிய ஷூவின் வளைவு அதோடு பொருந்தாமல், நடுவில் ஒரு விரலகலம் மட்டும் உரசும். மீதி லைனிங் டிரம்மைத் தொடுவதே இல்லை.

லைனிங் முழுவதும் சாக்பீஸ் பூசி, சக்கரத்தை மாட்டி, பிரேக்கை லேசாகப் பிடித்தபடி சில சுற்றுகள் சுற்றிவிட்டுக் கழற்றுங்கள். சாக்பீஸ் அழிந்த இடம் மட்டும்தான் வேலை செய்யும் இடம். அந்த மேட்டை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, மீண்டும் பூசிப் பாருங்கள். முழுப்பரப்பும் தொடும்வரை இதைச் செய்ய வேண்டும். இன்னும் நல்ல வழி, சற்றுத் தடித்த லைனிங் ஒட்டிய ஷூவை, அதைத் தாங்கும் பிரேக் தட்டோடு சேர்த்து லேத்தில் ஏற்றி, டிரம்மின் அளவுக்குக் கடைந்துகொள்வது. லைனிங்கின் முன்விளிம்பை லேசாகச் சரித்துவிட்டால் கத்தலும் திடீர்க் கவ்வலும் குறையும்.

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரெசரால் ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டி எறியுங்கள். அரம் போடும்போது முகக்கவசம் அணியுங்கள். பட்டறையில் வேலை செய்யும் பையன்களுக்கும் இதைச் சொல்லுங்கள். நாள் முழுக்க அந்தத் தூசியில் நிற்பவர்கள் அவர்கள்தான்.

"பிரேக் பிடித்தால் லீவர் கையில் துடிக்கிறது. ஹேண்டில்பாரும் ஆடுகிறது."

டிரம் வட்டமாக இல்லை. சக்கரத்தில் ஸ்போக்ஸ் புதிதாகக் கட்டியிருந்தால் பெரும்பாலும் அதுவே காரணம். ஸ்போக்ஸின் இழுப்பு சமமாக இல்லாதபோது சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பே நூலிழை அளவு கோணிவிடும். ஆகவே ஸ்போக்ஸ் கட்டி, ரிம்மின் ஆட்டத்தை எடுத்து, அதன்பிறகு முழுச் சக்கரத்தையும் லேத்தில் ஏற்றி டிரம்மைக் கடைய வேண்டும். ஹப்பைத் தனியாகக் கடைந்துவிட்டு ஸ்போக்ஸ் கட்டினால் வேலை வீண். 19 அங்குலச் சக்கரத்தை ஏற்றும் அளவுக்கு எல்லா லேத்திலும் இடம் இருக்காது. முதலிலேயே கேட்டுக்கொண்டு போங்கள்.

ஹேண்டில்பாரும் ஆடுவதால் ஸ்டியரிங் பேரிங், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் புஷ் இரண்டையும் பாருங்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் கையில் தெரியும்.

"எல்லாம் செய்துவிட்டேன். நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் நெடுஞ்சாலைக்குப் போதவில்லை. அடுத்து என்ன?"

7 அங்குல ட்வின் லீடிங் டிரம். எனக்கு இதில் தயக்கமே இல்லை. அதே நிறுவனம் பிற்கால புல்லட்டுகளில் தானே பொருத்திய பிரேக் இது. பாகங்கள் கிடைக்கின்றன, வண்டியின் தோற்றமும் கெடுவதில்லை. டிரம்மின் விட்டம் 152 மி.மீ.இலிருந்து 178 மி.மீ.க்குப் போகிறது. அதோடு இரண்டு ஷூக்களும் லீடிங்.

ஹப், பிரேக் தட்டு, ஷூக்கள், கேம்கள், இணைப்புத் தண்டு, ஆக்சில், கேபிள் ஆகிய அனைத்தையும் ஒரே வண்டியிலிருந்து வந்த தொகுப்பாக வாங்குங்கள். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் ஹப்பை ஒரு கடையிலும் தட்டை இன்னொரு கடையிலும் வாங்கிச் சேர்த்தால், தட்டு டிரம்மின் விளிம்பில் உரசும். இல்லாவிட்டால் ஃபோர்க்குக்கு நடுவில் சக்கரம் நிற்காது. ஹப் மாறுவதால் ஸ்போக்ஸின் நீளமும் மாறும். பழைய ஸ்போக்ஸை இழுத்துப் பொருத்த முயல வேண்டாம்.

மிக முக்கியமானது, பிரேக் தட்டு சுழலாமல் தடுக்கும் பிடிமானம். பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தின் முழு முறுக்கும் தட்டின் வழியாக ஃபோர்க் காலில் உள்ள அந்தப் பிடிமானத்தில்தான் போய் விழுகிறது. தட்டும் உங்கள் ஃபோர்க்கும் அந்த இடத்தில் ஆட்டமில்லாமல் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் அந்த பிரேக்குக்கு உரிய ஃபோர்க் அடிக்காலையும் சேர்த்து மாற்றுங்கள். பட்டறையில் ஒரு இரும்புத்துண்டை வெல்டிங் வைத்துச் சமாளித்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். என் வண்டிக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். அந்தத் துண்டு உடைந்தால் தட்டு சுழன்று, கேபிளைச் சுற்றி இழுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

"ட்வின் லீடிங் மாட்டியும் பழைய பிரேக்கைப் போலவே இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?"

இணைப்புத் தண்டின் நீளம் சரியாக இல்லாவிட்டால் ஒரு ஷூ மட்டுமே வேலை செய்யும். தண்டின் பூட்டு நட்டைத் தளர்த்தி, ஒரு முனையின் ஆணியைக் கழற்றிவிடுங்கள். இப்போது இரண்டு லீவர்களும் தனித்தனியாக அசையும். முதல் லீவரை அதன் ஷூ டிரம்மைத் தொடும்வரை கையால் திருப்பி அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது லீவரையும் அதே போல் திருப்புங்கள். இந்த நிலையில் தண்டின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து, ஆணி தானாகத் துளைக்குள் நழுவிப் போகும்படி வையுங்கள். பிறகு நட்டைப் பூட்டுங்கள். வழியில் பிரேக் குறைந்ததாகத் தோன்றினால் கேபிளின் அட்ஜஸ்டரைத் தொடுங்கள், தண்டைத் தொடாதீர்கள்.

கடைசியாகத் தட்டை நடுவில் நிறுத்த வேண்டும். ஆக்சில் நட்டைச் சற்றே தளர்த்தி, சக்கரத்தைச் சுற்றி, பிரேக்கை இறுக்கப் பிடித்து, பிடித்த பிடியிலேயே நட்டை முடுக்குங்கள். இந்தச் சிறு வேலை 6 அங்குல டிரம்முக்கும் பொருந்தும், பலர் செய்வதில்லை. ஷூ டிரம்மோடு படியும் விஷயம் இங்கும் அதேதான். புதிய ஷூ பற்றிய பதிலைப் பாருங்கள்.

"புதிய பிரேக் அருமை. ஆனால் மேட்டில் நிறுத்தினால் வண்டி பின்னால் உருள்கிறதே?"

கோளாறு இல்லை. சக்கரம் பின்னோக்கிச் சுழலும்போது இரண்டு லீடிங் ஷூக்களும் டிரெய்லிங் ஷூக்களாகிவிடுகின்றன. ஏற்றத்தில் நிற்கும்போது கால் பிரேக்கைப் பயன்படுத்துங்கள்.

"இவ்வளவு பாடுபடுவதற்கு நேராக டிஸ்க் போட்டுவிடலாமே?"

போடலாம். பிற்கால என்ஃபீல்டு வண்டிகளின் 280 மி.மீ. டிஸ்க், டிரம்மைவிட எல்லா வகையிலும் மேல். சூடானாலும் பிடிப்பு சீக்கிரம் குறையாது, மழைநீரைச் சுழற்றி எறிந்துவிடும், கேபிளின் தொல்லையும் கிடையாது. தினமும் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டி என்றால் நான் தடுக்க மாட்டேன்.

ஆனால் அது முன்பக்கத்தையே மாற்றும் வேலை. டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பர் பொருந்தும் காது உள்ள ஃபோர்க் கால்கள், டிஸ்க் ஹப், ஆக்சில், கேலிப்பர், பிரேக் ஆயில் போகும் ஹோஸ், கை லீவர் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் வேண்டும். ஸ்பீடோமீட்டர் கேபிள் முன்சக்கரத்திலிருந்து போவதால் அதன் டிரைவும் புதிய ஹப்புக்குப் பொருந்த வேண்டும். மாஸ்டர் சிலிண்டரும் கேலிப்பரும் ஒரே மாடலிலிருந்து வரட்டும். இரண்டின் பிஸ்டன் விட்டங்களுக்கு இடையிலான விகிதம்தான் கைவிசையைத் தீர்மானிக்கிறது. பொருந்தாத ஜோடி, கட்டைபோல் இறுகிய லீவரையோ பஞ்சுபோல் அமுங்கும் லீவரையோ தரும். காது இல்லாத ஃபோர்க் காலில் வெல்டிங் வைக்கும் யோசனை வந்தால், பிடிமானம் பற்றி மேலே சொன்னதை மீண்டும் படியுங்கள்.

"டிஸ்க்குக்கு எந்த பிரேக் ஆயில்? மெக்கானிக் கையில் கிடைத்ததை ஊற்றுகிறார்."

மாஸ்டர் சிலிண்டர் மூடியில் எழுதியிருப்பதை ஊற்ற வேண்டும். பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4. சிலிகான் வகையான டாட் 5ஐ இவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 3, 4 இரண்டும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4இன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அது 155 வரை இறங்கலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டேங்கின் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

"கொல்லிமலை இறங்கும்போது பாதி வழியில் பிரேக்கே இல்லாமல் போய்விட்டது. கீழே வந்து பார்த்தால் சரியாக இருக்கிறது. என்ன மாயம்?"

சூடு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் டிரம் சூடேறி விரியும். லைனிங்கின் உராய்வும் குறையும். லீவர் ஹேண்டில்பார்வரை வந்தும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். ஆறியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ட்வின் லீடிங் டிரம் சுழற்சியின் உதவியை நம்பியிருப்பதால், உராய்வு சற்றுக் குறைந்தாலும் அதன் பிடிப்பு பெரிதாகக் குறையும். பெரிய பிரேக் போட்டுவிட்டோம் என்று மலையில் மெத்தனமாக இருக்க வேண்டாம்.

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். புல்லட்டின் எஞ்சின் இரண்டாவது கியரில் வண்டியை அழகாக இழுத்துப் பிடிக்கும். வளைவுக்கு முன்பு பிரேக்கை அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாக விடுங்கள். விட்டுப் பிடிக்கும் இடைவெளியில்தான் டிரம் ஆறும். மழையில் நனைந்த டிரம்முக்கு இதற்கு நேர்மாறு: சற்று தூரம் லேசாகப் பிடித்தபடி ஓட்டினால் அந்தச் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும்.

"பிரேக்கை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சிக்கல் வருமா?"

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் கண்டிப்போடு வலியுறுத்தியது. எஞ்சினையும் சேசிஸையும் தொடாமல், அதே நிறுவனத்தின் பாகங்களைக் கொண்டு பிரேக்கை மேம்படுத்துவதே பாதுகாப்பான பாதை. டிஸ்க் போடுவதாக இருந்தால் முன்கூட்டியே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பில்களைப் பத்திரப்படுத்துங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம் என்பது புதிய வண்டிகளுக்கான விதி. உங்கள் பழைய வண்டியை அது கட்டுப்படுத்தாது.

50 ஆண்டு கடந்த வண்டியை 2021இல் வந்த விதிப்படி விண்டேஜ் வாகனமாகப் பதிய நினைப்பவர்கள் ஒரு திருகாணியைக்கூட மாற்றும் முன் யோசிக்க வேண்டும். அந்த விதி வண்டி அசல் வடிவில் இருப்பதை எதிர்பார்க்கிறது. அப்படிப்பட்டவர்கள் 6 அங்குல டிரம்மையே செம்மையாக்கி, அதற்கேற்ற வேகத்தில் ஓட்டுவது நல்லது. கழற்றிய அசல் பாகங்களை யாரும் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். எண்ணெய் பூசிச் சுற்றி வையுங்கள்.

"என்னிடம் இருப்பது ராஜ்தூத் 350. ஜப்பானில் இதற்கு டிஸ்க்தானே? அதையே போட்டால் அசல்தானே?"

உங்கள் வண்டிக்கு மூலமான யமஹா ஆர்.டி. 350பி வண்டியில் முன்பக்கம் டிஸ்க் இருந்தது உண்மை. 1983இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் அதை இங்கே கொண்டுவந்தபோது 7 அங்குல ட்வின் லீடிங் டிரம் ஆக்கிவிட்டார்கள். அந்த வேகத்துக்கு அந்த டிரம் போதாது என்பது ஓட்டியவர்கள் எல்லோருக்கும் தெரியும். புல்லட்டைவிட உங்கள் வண்டிக்குத்தான் டிஸ்க் அவசரத் தேவை என்பேன். ஆனால் இந்தியப் பதிவில் உங்கள் வண்டியின் அசல் டிரம்தான். ஆகவே சட்டம் பற்றிய முந்தைய பதில் உங்களுக்கும் பொருந்தும்.

"எல்லாம் முடிந்தது. பிரேக் இப்போது கத்திபோல் இருக்கிறது. இந்த வாரமே ஊருக்குக் கிளம்பலாமா?"

முதலில் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருந்தால் மாற்றுங்கள். பலவீனமான பிரேக்கில் இந்தக் குறை தெரியாது. பலமான பிரேக்கில் முன்சக்கரம் வழுக்கும்போதுதான் தெரியும்.

காலியான சாலையில் 30 கி.மீ.இல் தொடங்கி, பிடித்து விட்டு, ஆறவைத்து, படிப்படியாக வேகத்தைக் கூட்டுங்கள். உங்கள் விரல்களும் புதிய பிடிப்புக்குப் பழக வேண்டும். பழைய பிரேக்கை நான்கு விரலால் நசுக்கிய பழக்கத்தில் இதையும் நசுக்கினால் ஈரச்சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். வீடு திரும்பியதும் டிரம்மைத் தொட்டுவிடாமல் அருகில் கையை வைத்துப் பாருங்கள். பிரேக் பிடிக்காமல் ஓட்டிய பிறகும் அனல் அடித்தால் ஷூ உரசிக்கொண்டிருக்கிறது. கேபிளைச் சற்றுத் தளர்த்துங்கள். முதல் சில நாள் ஓட்டத்துக்குப் பிறகு ஸ்போக்ஸ், ஆக்சில் நட், ஃபோர்க் அடிமூடியின் நட்டுகள், இணைப்புத் தண்டின் பூட்டு நட் எல்லாவற்றையும் மீண்டும் முடுக்கிவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.